கப்பலை விட்டு இறங்கிய பிறகும் ஆனி மூர் வாழ்ந்தார்

அமெரிக்காவின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் முதலில் பதிவான ஆனி மூர் என்ற அயர்லாந்துப் பெண்ணுக்குக் கடலின் இரண்டு கரையிலும் சிலை இருக்கிறது. ஒன்று அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தில், தம்பிகள் இருவரோடு. மற்றொன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவில், தனியாக. இரண்டையும் வடித்தவர் ஜீன் ரைன்ஹார்ட் என்ற சிற்பி, இரண்டுமே 1993இல் வைக்கப்பட்டவை. இரண்டிலும் ஆனி சிறுமிதான். எனக்கு இதில் நெடுநாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்தச் சிறுமி நியூயார்க்கில் வந்திறங்கிய பிறகு 32 ஆண்டுகள் அதே நகரத்தில் வாழ்ந்தார், பதினொரு பிள்ளைகளைப் பெற்றார், அவர்களில் ஆறு பேரைப் பறிகொடுத்தார், ஐந்து பேரை ஆளாக்கினார், 50 வயதில் இதயம் செயலிழந்து இறந்தார். அந்தத் தாய்க்குச் சிலை இல்லாதது போகட்டும், 2008 வரை அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891 டிசம்பர் 20 அன்று, அப்போது குயின்ஸ்டவுன் என்றழைக்கப்பட்ட கோவ் துறைமுகத்திலிருந்து நெவாடா என்ற கப்பலில், மிகக் குறைந்த கட்டணம் செலுத்தியவர்களுக்கான அடித்தட்டில், ஆனி தன் தம்பிகள் அந்தோணி, பிலிப் இருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். ஆண்டின் கடைசி நாளில் கப்பல் நியூயார்க்கை அடைந்தது. மறுநாள், 1892 ஜனவரி 1, எல்லிஸ் தீவின் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. வரிசையில் முதலில் நின்றவர் ஆனி. பத்து டாலர் தங்கக் காசு ஒன்றை அதிகாரி அவர் கையில் கொடுத்தார். அந்த வழியாக 1954 வரை நாட்டுக்குள் வந்த 1 கோடியே 20 லட்சம் பேருக்கு முன்னால் எழுதப்பட்ட பெயர் அவருடையது. பத்திரிகைகள் அவருக்கு வயது 15 என்றும் அன்று அவருடைய பிறந்தநாள் என்றும் எழுதின. உண்மையில் வயது 17, பிறந்தநாளும் அன்றல்ல. செய்திக்குச் சர்க்கரை தூவும் வழக்கம் நேற்று வந்ததல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

அந்த வயதைக் குறைத்ததில் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. பெற்றோர் சில ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க் போய், மன்றோ தெருவில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் மூவரும் பின்தங்கிவிட்டார்கள். எனவே 12 நாள் குளிர்காலக் கடலில், நெரிசலும் வாந்தி நாற்றமும் நிறைந்த அடித்தட்டில், இரண்டு சிறுவர்களைப் பசியாற்றி, துணிமணி பார்த்து, கைவிட்டுப் போகாமல் கரை சேர்த்தது இந்த அக்காதான். அயர்லாந்திலிருந்து போனவர்களில் இப்படிப்பட்ட பெண்கள் ஏராளம். மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் முதலில் போனார்கள். அயர்லாந்திலோ மணமாகாத இளம்பெண்கள் தாமாகவே கிளம்பினார்கள். நிலம் ஒரு மகனுக்கு, சீர் ஒரு மகளுக்கு என்று ஆகிவிட்ட குடும்பங்களில் மற்ற பெண்களுக்கு ஊரில் வழியில்லை. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பணக்கார வீடுகளில் சமைத்துத் துடைத்துச் சேர்த்த காசில் அடுத்த தங்கைக்கு டிக்கெட் அனுப்பினார்கள். அவள் போய் அதற்கடுத்தவளுக்கு அனுப்பினாள். அயர்லாந்துக் கிராமங்களில் பல குடும்பங்களின் வாடகையும் கடனும் அடைபட்டது இந்தப் பெண்களின் சம்பளத்தில்தான்.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். ஆனி மூரின் பெயரைக் கொண்டாடியவர்கள் பல காலம் வேறொரு ஆனி மூரைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். எல்லிஸ் தீவில் இறங்கிய ஆனி மேற்கே போய், டெக்சஸில் குடியேறி, 1923இல் டிராம் மோதி இறந்தார் என்பதுதான் நம்பப்பட்ட கதை. அந்தக் குடும்பத்தினர் விழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களும் நல்லெண்ணத்தோடுதான் போனார்கள், அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைத் துருவியபோது, டெக்சஸ் ஆனி அயர்லாந்தில் பிறந்தவரே அல்லர், இல்லினாய்ஸில் பிறந்தவர் என்று தெரிந்தது. உண்மையான ஆனியைக் கண்டுபிடித்தால் ஆயிரம் டாலர் தருவதாக அவர் அறிவித்தார். தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரம் வழிகாட்ட, 2006இல் விடை கிடைத்தது. ஆனி எங்கும் போகவில்லை. மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில், சில தெருக்களுக்குள்ளேயே வாழ்ந்து முடித்திருக்கிறார்.

ஏன் யாரும் அதற்குமுன் அந்தத் தெருக்களில் தேடவில்லை? மேற்கே போன ஆனி நமக்குப் பிடித்த ஆனி என்பதுதான் என் எண்ணம். பரந்த நிலம், புதிய வாழ்க்கை, எதிர்பாராத விபத்து என்று அதில் ஒரு கதைக்கு வேண்டியதெல்லாம் இருந்தன. வாடகைக் குடியிருப்பில் துணி துவைத்து, கஞ்சி காய்ச்சி, குழந்தையைப் பெற்றும் புதைத்தும் கழிந்த 30 ஆண்டுகளில் விழா எடுக்க என்ன இருக்கிறது?

எனக்கு அங்கேதான் எல்லாம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனி மணந்தது ஜோசப் ஷேயர் என்பவரை. ஜெர்மானியக் குடியேறிகளின் மகன், ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்தவர். அந்தப் பகுதியின் அடுக்குமாடி வாடகை வீடுகள் எப்படியிருந்தன என்பதற்குப் படங்களே சாட்சி. தெருவையோ பின்முற்றத்தையோ பார்த்த அறைக்கு மட்டும் நல்ல ஜன்னல். உள்ளறைகளுக்கு வெளிச்சம் என்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விடப்பட்ட ஒடுங்கிய சந்து வழியாக வருவதுதான். அந்தச் சந்தில் குப்பையையும் கொட்டுவார்கள். கழிப்பறை பல குடும்பங்களுக்குப் பொது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனிக் கழிப்பறையும் ஒவ்வோர் அறைக்கும் ஜன்னலும் வேண்டும் என்ற சட்டம் 1901இல்தான் வந்தது, அதுவும் புதிதாகக் கட்டுபவர்களுக்கே முழுமையாகப் பொருந்தியது.

கோடை வந்தால் அங்கே குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்தன. காரணம் பெரும்பாலும் பால். வெளியூரிலிருந்து வந்து, வெயிலில் நின்று, திறந்த பாத்திரத்தில் விற்ற பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்தது. நேதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் 1893இல் ஏழைகளுக்காகச் சூடாக்கிக் கிருமி நீக்கிய பாலை விற்கும் நிலையங்களைத் திறந்ததே இதைப் பார்த்துத்தான். நகரம் முழுவதும் அத்தகைய பால் கட்டாயமாவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்த இருபது ஆண்டுகள்தான் ஆனி பிள்ளை பெற்ற காலம். ஆறு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் மிச்சமிருப்பவர்களுக்கு அடுப்பு மூட்டுகிற மனவலிமைக்கு எந்தத் தங்கக் காசும் ஈடாகாது.

பிழைத்து வளர்ந்த ஐவரில் மூவருக்குக் குழந்தைகள் பிறந்தன. அந்தப் பேரப்பிள்ளைகளின் வழியில் யூதர், இத்தாலியர், ஸ்காண்டினேவியர் என்று பல வீடுகளோடு சம்பந்தம் ஏற்பட்டது. அமெரிக்கா என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுமானால் அந்தக் குடும்பப் பட்டியலைக் காட்டினால் போதும்.

ஆனி இறந்தது 1924 டிசம்பர் 6. குயீன்ஸிலுள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில், 30 லட்சம் பேர் துயிலும் இடத்தில், தன் குழந்தைகளுக்கு அருகிலேயே புதைக்கப்பட்டார். 2008 அக்டோபரில் அயர்லாந்தின் நீலச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய கெல்டிக் சிலுவை அங்கே நாட்டப்பட்டது.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. கடைசிக் காலத்தில் ஆனி மிகவும் பருமனாக இருந்தாராம். குறுகிய மாடிப்படி வழியாகச் சவப்பெட்டியை இறக்க முடியாமல், தீயணைப்பு வீரர்கள் ஜன்னல் வழியாக இறக்கினார்களாம். இதை எழுதினால் அவருக்கு இழுக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினொரு பிரசவம் கண்ட உடம்பு அது. மலிவான ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்று, அந்தப் படிகளிலேயே தண்ணீரும் கரியும் சுமந்து ஏறிய உடம்பு. இழுக்கு என்று ஒன்று இருந்தால் அது ஒரு சவப்பெட்டி இறங்க இடம்விடாமல் படிக்கட்டைக் கட்டி, அதற்கும் வாடகை வசூலித்தவர்களுக்குத்தான். எல்லிஸ் தீவில் தொப்பியோடு நிற்கும் அந்த மெல்லிய சிறுமிக்குப் பக்கத்தில், இந்தப் பருத்த தாயையும் நிறுத்த வேண்டும் என்று நான் கேட்பேன்.