மேடைக்குக் கீழே உட்கார்ந்தவன் சொல்வது

சனிக்கிழமை நம்மூர் மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றி நடந்த பயிற்சியில் எடுத்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முன்வரிசையில், மடியில் பரிசுக்கூடையோடு முறைத்துக்கொண்டிருப்பவன் நான்தான். "கொஞ்சம் சிரிக்கக் கூடாதா அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பதில் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்கள் பொதுச் சுகாதாரம் படிக்கும் பிள்ளைகள். நாளை மாவட்டச் சுகாதார அதிகாரிகளாக உட்காரப் போகிறவர்கள். மாற்றுத்திறனாளிகளைப் புரிந்துகொள்ளப் பயிற்சியாம். கண்ணில் துணி கட்டி நடந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு சுற்று உருண்டார்கள். "ரொம்பக் கஷ்டம்" என்று எழுந்துகொண்டார்கள். எழ முடியாத நாங்கள் கைதட்டினோம். மைக் மட்டும் எங்கள் பக்கம் வரவே இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். எங்களைப் பற்றிய பாடத்தை நாங்கள் நடத்த வேண்டும்.

சர்க்கரை நோயில் என் காலை எடுத்த பிறகு ஒரு கிளினிக்கில் எடை பார்க்கச் சொன்னார்கள். நின்று பார்க்கிற மெஷின். சுவரைப் பிடித்தால் முள் ஆடுகிறது, விட்டால் நான் ஆடுகிறேன். தாதி பார்த்தார். "முன்பு எத்தனை கிலோ?" என்று கேட்டு, இரண்டு காலோடு இருந்த காலத்து எடையை அப்படியே எழுதிக்கொண்டார். மருந்து சாப்பிடும் முறையை என் மனைவியிடம் விளக்கினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் நல்ல பெண். சக்கர நாற்காலியோடு ஏறி எடை பார்க்கும் மெஷினை வாங்கிப் போட அவரால் முடியாது. கையெழுத்துப் போட வேண்டியவர் மேலதிகாரி. கண்ணில் துணி கட்டிப் பழகிய அதிகாரிக்கு அந்த மெஷின் ஞாபகம் வருமா? நான் சொன்னால் வரும்.

இது என் சொந்தப் புலம்பல் இல்லை. உலகில் ஆறில் ஒருவர் எங்களைப் போன்றவர், சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்பே இறந்துபோகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் அறிக்கை வெளியிட்டது. மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு, மருத்துவப் பணியாளர்களுக்கு எங்கள் உரிமைகளைப் பற்றிப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. அதே உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு, எங்களைக் கலந்து முடிவெடுக்கச் சொல்கிறது. முதலாவதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்கள் போலும். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் இருக்கிறது. அதை இயற்றியபோது, மீறினால் தண்டனை என்று மட்டும் எழுதவில்லை.

"பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு வந்தார்கள்" என்பீர்கள். வந்தார்கள்தான். என் கோபம் நிகழ்ச்சி நிரலை எழுதியவர் மேல். "செலவாகுமே" என்பீர்கள். கூடைக்குக் காசு இருந்ததே! அதற்குள் என்ன தெரியுமா? இரண்டு டின் கெட்டிப்பால், கிரீம் பிஸ்கட், ஒரு போத்தல் சர்பத் சீரப். சர்க்கரையில் கால் போனவனுக்கு.

"நோயாளிக்குப் பாடம் நடத்தத் தெரியுமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதுதான் சுட்டது. தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரைமாருக்கெல்லாம் செக்ரோல் என்ற தொழிலாளர் வருகைக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவன். காலோடு சேர்த்து அதையுமா வெட்டி எடுத்துவிட்டார்கள்?

"எதற்கெடுத்தாலும் அரசாங்கத்தைத் திட்டாதே" என்றும் வரும். சரி, நம்மவர்களைச் சொல்கிறேன். எங்கள் வரிசையில் காது கேட்காத பெண் ஒருத்தி இருக்கிறாள். கிளினிக்கில் பெயரைக் கூப்பிட்டு ஓய்ந்து அடுத்த ஆளை அழைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம் ஜனம் அவள் தோளைத் தட்டிச் சொல்வதில்லை. போன மாதம் சொந்த அண்ணன் மகள் கல்யாணம், மாடி மண்டபம், லிப்ட் கிடையாது. "நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள் சித்தப்பா, சாப்பாட்டைக் கட்டி அனுப்புகிறோம்" என்றார்கள். அனுப்பினார்கள். பாயசம்கூட இருந்தது.

அடுத்த பயிற்சிக்கு ஆள் கேட்கிறார்களாம். பேச்சாளர் என்றால் வருகிறேன். அந்தப் பெண்ணும் வருவாள், சைகைமொழி பெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்யுங்கள். இருவரின் மதிப்பூதியத்தையும் வண்டிச் செலவையும் முன்கூட்டியே பேசிக்கொள்வோம்.