தரவு நிறைய இருந்தால் பிழை கரைந்துவிடுமா?

“தானியங்கிப் போக்குவரத்து சிக்னலுக்கு ஆயிரக்கணக்கான தரவு வருகிறது, நாலைந்து சென்சார் பழுதானாலும் கணினி சராசரி எடுத்துச் சரிசெய்துகொள்ளும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

சாலையில் வரும் வண்டிகளைப் பார்த்து பச்சை நேரத்தை மாற்றும், சிட்னியில் 1970களில் உருவான ஸ்காட்ஸ் (SCATS) முறையையே பாருங்கள். நிறுத்தக் கோட்டருகே ஒவ்வொரு தடத்திலும் தாரின் அடியில், மேலே வண்டி இருப்பதை உணரும் கம்பிச்சுருள் புதைத்திருப்பார்கள். பச்சை நேரம் எவ்வளவு வீணாகாமல் பயன்பட்டது என்பதை அந்தச் சுருளை வைத்தே முறை கணக்கிடுகிறது. சாலையைத் தோண்டும்போது கம்பி அறுந்து, ‘வண்டி நிற்கிறது’ என்றே அது ஓயாமல் சொல்லத் தொடங்கினால், காலியான தடத்துக்கும் பச்சை நீளும். குறுக்குச் சாலையில் வரிசை வளரும். ‘வண்டியே இல்லை’ என்று சொன்னால், சந்திலிருந்து வருபவர் காத்தே கிடப்பார். அந்தச் சந்திப்பின் முடிவு அந்தச் சில சுருள்களை நம்பியது. ஊர் முழுவதன் சராசரி அதற்கு உதவாது. பழுதைக் கண்டுபிடித்தால் நேர அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள், அதாவது தானியங்கி என்ற பயனே அங்கே போய்விடுகிறது.

கைப்பேசித் தரவு இதை ஈடுகட்டும் என்பதும் பாதி உண்மைதான். அது வேகத்தை நன்றாகக் காட்டும், எண்ணிக்கையை அல்ல. பெர்லினில் கலைஞர் சைமன் வெக்கெர்ட் 99 கைப்பேசிகளைக் கைவண்டியில் இழுத்துச் சென்றபோது, காலித் தெரு கூகுள் வரைபடத்தில் நெரிசலாகச் சிவந்தது. அங்கே தரவுக்குப் பஞ்சமே இல்லை.

ஆகவே சிக்னல் அமைக்கும் ஒப்பந்தத்தில் சென்சார்களின் எண்ணிக்கையோடு, பழுதைச் சரிசெய்யும் கெடுவையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.