கல்யாணத்துக்கென்று செய்த பாட்டு

காதல் கவிதை என்றால் உள்ளத்திலிருந்து தானாகப் பீறிட வேண்டும், கேட்டு எழுதி வாங்கியது இரண்டாம் தரம் என்றொரு நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அப்படி நினைப்பவர்கள் பைபிளின் பாடல் தொகுப்பான சங்கீதங்களில் 45ஆவதை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம். பழைய இஸ்ரவேலில் ஒரு ராஜாவின் கல்யாணத்துக்கென்றே செய்த பாட்டு. தலைப்பில் கோராகின் புத்திரர் இருக்கிறார்கள். ஆலயத்தில் பாடுவதே அவர்கள் வேலை.

பாட்டு மாப்பிள்ளையிடம் தொடங்கவில்லை, பெண்ணிடமும் தொடங்கவில்லை. நெஞ்சு பொங்குகிறது, என் நாக்கு தேர்ந்த எழுத்தனின் எழுத்தாணி என்று புலவன் தன்னைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறான். பொங்குவதும் எழுத்தாணியும் ஒரே வசனத்தில்! இந்த ஆளுக்கு உணர்ச்சிக்கும் தொழிலுக்கும் சண்டையே இல்லை.

எனக்குப் பிடித்தது 8ஆம் வசனம். ராஜா அழகன் என்பதை முன்பே ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டான். இங்கே உடையில் வெள்ளைப்போளம் என்கிற வாசனைப் பிசின், அகில், லவங்கப்பட்டை வாசனை. தந்த மாளிகையிலிருந்து நரம்பிசை. மாப்பிள்ளை வருவது மூக்குக்கும் காதுக்கும்தான் முதலில் தெரிகிறது.

தந்த மாளிகை வெறும் மிகை இல்லை. 1930களில், வட இஸ்ரவேல் ராஜாக்களின் தலைநகராயிருந்த சமாரியாவின் அரண்மனைப் பகுதியைத் தோண்டியபோது தந்தச் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. தாமரை, சிறகு முளைத்த உருவங்கள், சிலவற்றில் பொன் தகடும் வண்ணக் கண்ணாடியும். கட்டில், நாற்காலி போன்றவற்றில் பதிக்கச் செய்தவை. சில சில்லுகளின் பின்பக்கம் எழுத்து கீறியிருக்கிறது. எதை எங்கே பொருத்துவது என்பதற்கு வேலைக்காரன் போட்ட குறி. (இப்படிப்பட்ட கட்டில்களில் சாய்ந்து கிடந்தவர்களை ஆமோஸ் தீர்க்கதரிசி வறுத்தெடுத்தது தனிக்கதை.)

உறுத்துவது பெண்ணிடம் பேசும் இடம். "மகளே கேள், உன் ஜனத்தையும் தகப்பன் வீட்டையும் மறந்துவிடு" என்கிறான். அப்புறம் பொற்சரிகை, சித்திரத்தையல், கூடவே வரும் தோழிகள் என்று எவ்வளவு இழைத்தாலும் அந்தக் கசப்பு போகவில்லை. பைபிளின் இன்னொரு காதல் பாட்டான உன்னதப்பாட்டில் பெண்தான் முதலில் வாய் திறக்கிறாள். இவளுக்கு ஒரு வரிகூட இல்லை.

புதிய ஏற்பாட்டுக் கடிதமான எபிரெயர் நிருபம் இந்தப் பாட்டைக் கிறிஸ்துவுக்குப் பொருத்திச் சொல்கிறது. அந்த வாசிப்போடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அதற்கு ஓடுகிற அவசரத்தில் கல்யாண வீட்டைப் பார்க்காமலே போய்விடுகிறோம்.

முடிவில், உன் பெயரைத் தலைமுறை தலைமுறையாக நினைக்கச் செய்வேன் என்று ராஜாவுக்கு வாக்குக் கொடுக்கிறான். ஆனால் 17 வசனத்தில் எங்குமே அந்தப் பெயர் இல்லை! அந்த ராஜா சாலொமோன் என்பாரும் உண்டு, ஆகாப் என்பாரும் உண்டு. மறந்துபோய் விட்டிருப்பான் என்று நான் நம்பவில்லை. பெயரைப் போட்டால் பாட்டு அந்த ஒரு கல்யாணத்தோடு சரி. போடாவிட்டால் அடுத்த இளவரசனுக்கும் ஆகும்.