அளவைச் சமப்படுத்திவிட்டு வாருங்கள், பிறகு காதைப் பற்றிப் பேசலாம்

ஞாயிற்றுக்கிழமை கோவையில் நடந்த ஹெட்போன் ஒப்பீட்டின் வீடியோவை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். விலை உயர்ந்த ஹெட்போனே சிறந்தது என்று தீர்ப்புச் சொன்னார்கள். கடைசிப் பகுதியில், பழையதுதான் பிடித்தது என்ற ஒரு பெரியவரின் காதைக் கேலி செய்தார்கள். அதைத்தான் சொல்கிறேன். "நீ அங்கேதானே உட்கார்ந்திருந்தாய், ஏன் ஒன்றும் எழுதவில்லை?" என்று நேற்றெல்லாம் ஆளாளுக்குக் கேட்டுவிட்டார்கள். கோபம் தணியட்டும் என்று காத்திருந்தேன். தணியவில்லை.

முதலில் விஷயத்தைப் பேசிவிடுகிறேன். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஒன்று மற்றதைவிட இரண்டு டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாக ஒலிப்பதை நம் காது "சத்தம் அதிகம்" என்று பிரித்துச் சொல்லாது. "தெளிவாக இருக்கிறது, நிறைவாக இருக்கிறது, உயிரோட்டம் இருக்கிறது" என்றுதான் சொல்லும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சத்தம் கூடக்கூட அடிநாதமும் உச்ச ஒலிகளும் நமக்கு இன்னும் எடுப்பாகக் கேட்கும் என்பதை 1933இலேயே பிளெச்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டிவிட்டார்கள். ஒலித்துறையில் கால் வைக்கும் எவருக்கும் முதல் வாரத்தில் சொல்லித் தரும் பாடம் இது.

அன்று அந்த அறையில் இருந்த ஏற்பாடு என்ன? மேஜையின் ஒரு முனையில் சென்ஹைசர் எச்டி 600, கையடக்கமான ஒரு சின்ன ஆம்பில், அதாவது ஒலியைப் பெருக்கித் தரும் கருவியில். மறு முனையில் ஹைஃபைமேன் சுஸ்வாரா, தனியாகக் கொண்டுவந்து வைத்திருந்த பெரிய ஆம்பில். பெரிய ஆம்ப் வைத்ததைக் குறை சொல்லமாட்டேன். சுஸ்வாராவின் உணர்திறன், அதாவது கொடுக்கிற மின்சாரத்துக்கு அது தரும் சத்தம், வெறும் 83 டெசிபல், சின்ன ஆம்ப் அதை அசைக்காது. ஆனால் இரண்டின் ஒலி அளவையும் யார் சமப்படுத்தினார்கள்? ஒருவரும் இல்லை. கையால் குமிழைத் திருகி, "இந்த அளவு போதும்" என்று விட்டுவிட்டார்கள். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். இரண்டுமே பின்புறம் திறந்த வகை, ஒலி வெளியே கசியும். ஒருவர் எச்டி 600ஐ மாட்டியிருந்தபோது மெல்லிய இரைச்சல்தான் எனக்கு வந்தது. அவரே சுஸ்வாராவை மாட்டியபோது பாட்டின் வரிகளே எனக்குக் கேட்டன. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டதற்கு அவர் தொண்டையைத் திறந்து கத்தி பதில் சொன்னார். இதற்கு மேல் மீட்டர் எதற்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த எச்டி 600இன் காது மெத்தைகள் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தன. விரலால் அழுத்திப் பார்த்தேன், மேலே எழும்பவே இல்லை. மெத்தை நசுங்கினால் ஒலியை எழுப்பும் பாகமான டிரைவர் காதுக்கு நெருங்கிவிடும், ஒலியின் சமநிலையும் மாறிவிடும். பல ஆண்டு உழைத்த மெத்தையோடு ஒன்று, டப்பாவிலிருந்து நேற்று எடுத்தது போன்ற மெத்தையோடு இன்னொன்று. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தராசு முள்ளை நேராக்காமல் மூட்டையைத் தூக்கி வைத்தால் விவசாயி விட்டுவிடுவாரா? இங்கே மட்டும் ஐம்பது பேர் முன்னிலையில் அதைச் செய்துவிட்டு, "இதோ தீர்ப்பு" என்று கேமராவைப் பார்த்து அறிவிக்கிறார்கள்.

சமப்படுத்தாத ஒப்பீடு ஒப்பீடே அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்போது பதில்கள் வரும் என்று தெரியும். சில ஏற்கெனவே உள்பெட்டிக்கு வந்துவிட்டன.

"உன்னால் அந்த விலைக்கு வாங்க முடியாது, அதனால் பொறாமை." வாங்க முடியாதுதான். 6,000 டாலருக்கு அறிமுகமான பொருள் அது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவனால் அதை எப்படி வாங்க முடியும்? அதற்கும் குமிழைச் சரியாகத் திருகுவதற்கும் என்ன தொடர்பு என்று மட்டும் சொல்லுங்கள்.

"விலை உயர்ந்தவை எல்லாம் ஏமாற்று என்கிறாயா?" இல்லை. ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. சென்ஹைசரே 2009இல் கொண்டுவந்த எச்டி 800ஐ நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு மாலை முழுவதும் கேட்டிருக்கிறேன். 56 மில்லிமீட்டர் வளைய டிரைவரைக் காதிலிருந்து தள்ளி, சாய்த்து வைத்திருப்பார்கள். தம்புரா ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று கச்சேரி மேடை அகலமாக விரியும். சுஸ்வாரா போல, மெல்லிய படலம் முழுவதும் அதிர்ந்து ஒலிக்கிற பிளேனார் வகையில் ஆழமான அடிநாதம் சரியாமல் நிற்கும். தவிலின் தொப்பிப் பக்கம் அதிரும்போது அந்த அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது வரை தெரியும். இதையெல்லாம் ரசிக்கத் தெரிந்தவன்தான் நான். சுஸ்வாரா நல்ல ஹெட்போனாகவே இருக்கட்டும். அன்றைக்கு அது நல்லது என்று நிரூபிக்கப்படவில்லை, சத்தம் அதிகம் என்று மட்டுமே நிரூபிக்கப்பட்டது.

ஆனால் விலைக்கும் ஒலிக்கும் நேர்க்கோட்டு உறவு இருப்பது போலப் பேசுகிறார்களே, அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்கள் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் தருகின்றன என்ற அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் எழுதினார். அதற்கும் முன்னால், 1994இல் பிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒலிபெருக்கிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதே நாற்பது பேர், அதே நான்கு ஒலிபெருக்கிகள். ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்து, ஒரு முறை திரை இல்லாமல். திரை இல்லாதபோது பெரிதாக, அழகாக இருந்தவற்றுக்கு மதிப்பெண் ஏறியது. திரைக்குப் பின்னால் நன்றாக மதிப்பெண் வாங்கிய சின்னஞ்சிறு மலிவான ஒன்று சறுக்கி விழுந்தது. கேட்டவர்கள் வெளியாட்கள் அல்லர், ஒலிபெருக்கி நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர்கள். அவர்கள் கண்ணே அவர்கள் காதை ஏமாற்றுகிறது என்றால், விலைப்பட்டியலை வாசித்துக் காட்டிவிட்டு நடத்திய ஞாயிற்றுக்கிழமைத் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

ஒரே ஒரு எதிர்க்கருத்தை மட்டும் மதிக்கிறேன். பொள்ளாச்சி நண்பர் அனுப்பியது. "இரண்டு ஹெட்போன்களின் ஒலியமைப்பே வேறு. ஒன்றில் அடிநாதம் கூடுதல், இன்னொன்றில் குரல் முன்னால். எந்த இடத்தில் சமப்படுத்துவாய்? கண்ணைக் கட்டினாலும் எச்டி 600இன் 260 கிராமுக்கும் சுஸ்வாராவின் 450 கிராமுக்கும் தலைக்கு வித்தியாசம் தெரியாதா?" நியாயமான கேள்வி. முழுமையாகச் சமப்படுத்த முடியாது, உண்மைதான். அதனால்தான் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரே ஒரு ஹெட்போனை எடுத்துக்கொண்டு, மற்றவற்றின் ஒலியமைப்பை அதில் போலச்செய்து கேட்கவைத்தார்கள். நம்மால் அவ்வளவு முடியாது. ஆனால் பிங்க் நாய்ஸ் என்ற சீரான இரைச்சலை ஓடவிட்டு, ஒரு பலகையில் மைக்கைப் பதித்து, அதன் மேல் ஹெட்போனை வைத்து, அரை டெசிபலுக்குள் கொண்டுவர முடியும். பத்து நிமிட வேலை. முழுமையாக முடியாது என்பதற்காகத் துளியும் செய்யாமல் விட்டதை எப்படி ஏற்பது?

சரி. இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் என் கோபம் டெசிபலைப் பற்றியது மட்டும் என்று நீங்கள் நினைத்தால் அது உண்மை ஆகாது.

பல்லடத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெரியவரை வீடியோவில் பார்த்தீர்கள். இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, அவசரப்படாமல் கேட்டார். பிறகு, "எனக்கு இந்தப் பழையதுதான் பிடித்திருக்கிறதுங்க தம்பி. இதில் பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறாருங்க. அதில் கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறாருங்க" என்றார். அந்த அறையில் அன்று சொல்லப்பட்ட சொற்களிலேயே மிகத் துல்லியமானவை இவைதான். எச்டி 600 என்றாலே குரல்தான் என்று 1997இல் அது வந்த நாளிலிருந்து ரசிகர்கள் சொல்லிவருகிறார்கள். அவர் யாரிடமும் கேட்காமல், எதையும் படிக்காமல், காதால் கண்டுபிடித்துவிட்டார்.

அதற்கு நடத்தியவர் சொன்ன பதில்: "ஐயா தறிச் சத்தத்திலேயே கிடந்த காது. இதெல்லாம் பிடிபடாது."

கூட்டம் சிரித்தது. பெரியவர் ஹெட்போனைக் கழற்றி இரண்டு கையாலும் பத்திரமாக மேஜையில் வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, மெத்தையில் தன் வியர்வை பட்ட இடத்தைத் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. கேமரா அவர் பக்கம் திரும்பவும் இல்லை.

என் அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். தறிக்குடோனுக்குள் நின்றவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவரின் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் விளங்கும். நாடா அடிக்கிற தறிகள் ஓடும் கூடத்தில் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேல் காதுக்கு ஆபத்து என்கிறது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை, காதுக்கு ஒரு பஞ்சுகூட யாரும் கொடுக்கவில்லை. பின்னாளில் காது டாக்டர் எடுத்த வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உச்ச ஒலிகள் இருக்கும் இடத்தில், பள்ளம் விழுந்திருந்தது. இரைச்சலில் உழைத்தவர்களுக்கு அங்கேதான் முதலில் போகும். ஜால்ராவின் கிணுகிணுப்பு அவருக்கு மங்கல்தான். மறைக்கவில்லை.

ஆனால் பியானோவின் கடைசிக் கட்டையே 4186 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. பாட்டின் சுருதியும் மெட்டும் தாளமும் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நடக்கின்றன. ஊர்க்கோயில் நோம்பியில் அண்ணன்மார் கதைப்பாட்டு நடந்தபோது ரெக்கார்டரை மேடைப் பக்கம் வைத்துவிட்டு நான் சாப்பிடப் போயிருந்தேன். அடுத்த வாரம் அந்தப் பதிவை அப்பாவுக்கு எச்டி 600இல் போட்டுக்காட்டினேன். திண்ணையில் காலை நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று கையை உயர்த்தினார். "உடுக்கை பிடிக்கிற ஆள் மாறிவிட்டார் கண்ணு. முன்னால் அடித்தவர் இடுப்புக் கயிற்றை அமுக்கி அமுக்கி ஒலியைத் தூக்கினார். இவர் கைக்கு அது வரவில்லை." விசாரித்தேன். உண்மைதான். அடித்தவருக்குக் கை வலி வந்து பாதியில் அவர் தம்பி வாங்கி அடித்திருக்கிறார். அதே பதிவை நானும் பலமுறை கேட்டிருந்தேன். எனக்கு அது படவில்லை.

"அறிவியல் பேசிவிட்டு இப்போது அப்பா கதை சொல்கிறாயே?" என்பீர்கள். சொல்வேன். காது என்பது அதிர்வெண் அட்டவணை மட்டும் இல்லை. அந்த அட்டவணையை வைத்துத்தான் பேசவேண்டும் என்றால், ஐம்பதைத் தாண்டிய, ஒப்பீட்டை நடத்தியவர் தன் காதுகளையும் சோதித்துக்கொள்ளட்டும். வயது ஏறஏற உச்ச ஒலிகள் எல்லோருக்கும்தான் உதிர்கின்றன, தறி ஓட்டாதவர்களுக்கும். அவர் வீடியோவில் சிலாகிக்கும் "20,000 ஹெர்ட்ஸ் வரை விரியும் காற்றோட்டம்" அந்த வயதில் எவர் காதுக்கும் எட்டாது.

"விளையாட்டாகச் சொன்னார், பெரிதாக்காதே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய வீடும் தறிக்குடோன் வருமானத்தில் எழுந்ததுதான். அவருக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

இந்தக் கொங்கு மண்ணில் தறி ஓடாத ஊர் எத்தனை, மில் சங்கு கேட்காத தெரு எத்தனை? இங்கே ஹெட்போன் மாட்ட வருகிற ஒவ்வொருவர் வீட்டிலும் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்த ஒருவர் இருப்பார். அந்த உழைப்பில் படித்து, அந்தப் பணத்தில் ஆம்ப் வாங்கி, அந்தக் காதைப் பார்த்தே சிரிப்பதா? அதுவும் யார் சொல்லி? இரண்டு குமிழ்களைச் சமமாக வைக்காத ஒருவர் சொல்லி!

நடத்தியவருக்கு இரண்டு கோரிக்கைகள். அந்த வீடியோவின் கடைசி இரண்டு நிமிடத்தை நீக்குங்கள். பெரியவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம், பல்லடம் ஒன்றும் தூரம் இல்லை. அடுத்த ஒப்பீட்டை நீங்கள் எங்கே வைத்தாலும் மைக், பலகை, மீட்டர் மூன்றையும் நான் கொண்டுவருகிறேன், எச்டி 600க்குப் புது மெத்தையும் என் செலவு. அளவைச் சமப்படுத்தி, மேலே துணியைப் போட்டுவிட்டு, முதலில் அவரைக் கேட்கச் சொல்வோம்.

கருத்துப் பகுதியில் நடத்தியவர் பெயரையோ பெரியவர் பெயரையோ யாரும் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கிவிடுவேன்.