கிட்டாரை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு

ராயபுரத்தில் நடந்த பேண்ட் நிகழ்ச்சியின் அந்தக் கிளிப்பை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மிக்ஸரில் தனித்தனி ட்ராக்காகப் பதிவானதிலிருந்து எங்கள் தம்பியின் கிட்டாரை மட்டும் உருவி எடுத்திருக்கிறார்கள். ட்ரம்ஸ் இல்லை, பேஸ் கிட்டார் இல்லை, குரல் இல்லை. மேலே "தகர டப்பா டோன்" என்று ஒரு வரி. கீழே வரிசையாகச் சிரிப்பு. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பேண்டில் வாசிக்கிற கிட்டாரைத் தனியாகக் கேட்டு நல்லது கெட்டது சொல்லக் கூடாது.

கிட்டாரின் தடித்த கம்பி சும்மா மீட்டினால் 82 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 82 அதிர்வு. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41. காலால் அடிக்கிற கிக் ட்ரம்மும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது, கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பில் அடிச்சத்தமான பேஸையும் கூர்மையான நுனிச்சத்தமான ட்ரெபிளையும் கூட்டி, நடுச்சத்தமான மிட்டைக் குறைத்தால் அறை நிறைந்து கேட்கும், சந்தோஷமாக இருக்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடியும் நுனியும் சரியாக எட்டாது, அதனால் கூட்டத் தோன்றுகிறது. இதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். அதே செட்டிங்கோடு மேடை ஏறுங்கள். அடியில் இருப்பதை பேஸ் கிட்டாரும் கிக்கும் மூடிவிடும், நுனியில் இருப்பதை ட்ரம்ஸின் சிம்பல் தட்டு மூடிவிடும். நடுவை நீங்களே வெட்டி எறிந்துவிட்டீர்கள். கிட்டார் எங்கே கேட்கும்? உடனே வால்யூமைத் திருகுவீர்கள், பாடகருக்குத் தன் குரலே கேட்காமல் போகும், மேடையிலேயே முறைப்பு ஆரம்பிக்கும்.

தம்பி பேஸைக் குறைத்து மிட்டை ஏற்றி வைத்திருந்தான். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரிதான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்! அதுவும் நீங்கள் கேட்டது போனில். போன் ஸ்பீக்கரில் அடிச்சத்தம் வரவே வராது. அதை வைத்துத் தகர டப்பா என்கிறீர்கள்.

என் சித்தப்பா மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். கல்யாணக் கச்சேரி என்றால் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை மண்டபங்களுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார், ஒயர் சுற்ற. அவர் ஆம்ப் உள்ளூரில் ஒருவர் அசெம்பிள் செய்து கொடுத்தது, 12 அங்குல ஸ்பீக்கர். தனியாக டோன் பார்க்கவே மாட்டார். ட்ரம்ஸும் கீபோர்டும் ஓடட்டும் என்பார். நீளமான ஒயரைப் போட்டுக்கொண்டு, வாசித்தபடியே கடைசி வரிசை நாற்காலி வரை நடப்பார். எனக்குச் சைகை காட்டுவார், நான் மேடையில் குமிழைத் திருப்புவேன். பாட்டில் அவர் வருகிற ஒவ்வொரு இடமும் பந்தி வரை தெளிவாகக் கேட்கும். டோன் என்று நான் தெரிந்துகொண்டது அதுதான்.

"மேடை வேறு, ரெக்கார்டிங் வேறு" என்று ஒருவர் பாடம் எடுக்கிறார். சரி, ரெக்கார்டிங்குக்கே வருவோம். 1965-லிருந்து இருக்கிற எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் துணியை ஒட்டி வைக்கிறார்கள். ஸ்பீக்கர் கோனின் நடுவில் வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் மொத்தை. மிக்ஸிங்கில் கிட்டாரின் அடிச்சத்தத்தை வெட்டுவதுதான் பெரும்பாலும் முதல் வேலை. லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் 1969-ல் வந்தது. அதில் அவர்களின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் வாசித்தது சுப்ரோ கம்பெனியின் ஒரு சின்ன ஆம்பில். ரெக்கார்டிங்கிலும் கிட்டாருக்கு இடம் கூட்டத்துக்கு நடுவில்தான்.

ஆம்பின் சத்தத்தை டிஜிட்டலில் உருவாக்குகிற ஆம்ப் சிமுலேட்டர் போதுமே என்பவர்களுக்கு: வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் மிட் என்று ஒரு குமிழ் இருக்கிறது.

ஒன்றை மறுக்க மாட்டேன், ட்ரெபிள் கொஞ்சம் தூக்கல்தான். ஆம்ப் தரையில் இருந்தது. ட்ரெபிள் நேர்கோட்டில் பாயும், பக்கத்தில் நின்று வாசிக்கிறவன் காலுக்குத்தான் போகும், காதுக்கு ஏறாது, அதனால் கூட்டிவிட்டான். ஆம்புக்கு அடியில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தால் அவனே குறைத்திருப்பான். இதை அன்றைக்கே பக்கத்தில் வந்து சொல்லியிருக்கலாமே? கிளிப் வெட்டிப் போடுவதுதான் வழியா?

"நல்ல ஆம்ப் வாங்கச் சொல்லு" என்று எழுதியிருப்பது ரொம்பவே வலிக்கிறது. பகலெல்லாம் கண்டெய்னர் யார்டில் நின்றுவிட்டு ராத்திரி வந்து பயிற்சி செய்கிற பையன் அவன். 50 வாட்டை 100 வாட்டாக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வாட் பத்து மடங்காக வேண்டும். அந்த 3 டெசிபலுக்காக அவன் கடன் வாங்க வேண்டுமா?

அப்புறம், "ஏரியா சவுண்டு" என்று ஒரு கமெண்ட். எந்த ஏரியா? பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கிட்டாரும், தெருவில் கானாவும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். காது எங்களுக்கும் இருக்கிறது. வேறு ஊர்ப் பையன் இதே டோனில் வாசித்திருந்தால் "ரா"வாக, பாலிஷ் இல்லாமல் இயல்பாக இருக்கிறது என்று பாராட்டியிருப்பீர்கள். வியாசர்பாடிப் பையன் என்றதும் தகர டப்பா ஆகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ரிகர்சல் இருக்கிறது. உங்கள் ஆம்பையே எடுத்துக்கொண்டு வாருங்கள். ட்ரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் ஓடும்போது தம்பியை இரண்டு ஆம்பிலும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்கிறேன். இன்பாக்ஸில் கேட்டால் இடம் அனுப்புகிறேன்.