பூட்டு திறக்கும் என்பது தெரிந்துவிட்டது

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கரும்புத் தோட்டத்து ஆற்றோரப் பாதையில் கிராவல் சைக்கிள் போட்டி நடந்தபோது என்ன ஆனது என்பதைக் காணொளியில் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். மறுபடி விவரிக்கப்போவதில்லை. மஞ்சள் அங்கி போட்டவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "எண் இல்லாதவர்கள் ஒதுங்குங்கள்" என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளை விரட்டுகிறார். என் தம்பி மகன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரும்புக்குள் இறங்குகிறான். அந்த மஞ்சள் அங்கிக்காரர்மீது எனக்குக் கோபம் இல்லை. யாரோ அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் கவனித்தீர்கள்? இரும்புக் கதவு. அகலத் திறந்து கிடக்கிறது. திறந்திருக்கிறதே என்று ஆசையாக உள்ளே போனதுதான் பிள்ளைகள் செய்த குற்றம்.

ஆண்டு முழுவதும் எங்களுக்குப் பூட்டியிருக்கும் கதவு அது. "பாதுகாப்புக் காரணங்களுக்காக" என்று பலகை மாட்டிப் பூட்டிய கதவு. நுழைவுக் கட்டணம் கட்டி, சட்டையில் எண் குத்திக்கொண்டு வந்தவர்களுக்கு விடியற்காலையிலேயே திறந்துவிட்டது. ஆகவே பூட்டு திறக்கக்கூடியதுதான். துருப்பிடித்துப் போகவில்லை, சாவியும் தொலையவில்லை. நான் சொல்ல வருவது இது மட்டும்தான்: அவர்களுக்குத் திறக்குமென்றால் எங்களுக்கும் திறக்க வேண்டும்.

கிராவல் போட்டி என்றால் என்ன, சைக்கிள் சைக்கிள்தானே என்று கேட்ட பெரியப்பாமார்களுக்காக ஒரு சிறு விளக்கம். பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் நாற்பது மில்லிமீட்டர், அதற்கு மேலும் பருமன். உள்ளே டியூப் இல்லாமல் ஒட்டுத் திரவம் ஊற்றி, காற்றைக் குறைத்து, தார் போடாத பாதைகளில் ஓட்டுவார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து மண் சாலைகளில் 200 மைல் ஓட்டுகிறார்கள். 2022-இல் இத்தாலியில் உலகச் சாம்பியன் போட்டியே நடத்திவிட்டார்கள். நானும் இரண்டாம் கையாக ஒன்று வாங்கி ஓட்டுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். கோயில் கமிட்டியில் சிலருக்கு அதுவே இன்னும் ஜீரணமாகவில்லை.

நம் மொரிசியஸ் தீவைப் போல இதற்குப் பொருத்தமான மண் வேறு எங்கே இருக்கிறது? தோட்டத்துக்குத் தோட்டம் கரும்பு வண்டிப் பாதைகள். செம்மண்ணில் கறுப்பு எரிமலைக் கல் பதிந்திருக்கும். விளிம்பு பட்டால் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். மே மாதத்தில் கரும்பு தலைக்கு மேல் நிற்கும், வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்றே தெரியாது. அறுவடை முடிந்தால் அதே இடத்திலிருந்து கடல் தெரியும். நிக்கோலியேர் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாயின் ஓரமாக ஒருமுறை போய்ப் பாருங்கள். கால்வாய்த் தண்ணீர் மெல்லிய சரிவில்தான் ஓட வேண்டும். அதனால் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஓரத்தில் மிதிப்பவருக்கும் ஏற்றம் தெரிவதில்லை. இவ்வளவு மலை நாட்டில் முழங்கால் வலிக்காமல் அத்தனை தூரம் போவது ஒரு வரம். (தென்கிழக்குக் காற்று எதிரே வந்தால் வரத்தைப் பற்றி வேறு மாதிரி நினைப்பீர்கள்.)

எங்கள் ஆற்றோரப் பாதையை இந்த விளையாட்டுக்காரர்கள் "கண்டுபிடித்ததாக" விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். யார் கண்டுபிடித்தது? என் அப்பா அதே பாதையில் இருட்டோடு வேலைக்குப் போனவர். கனமான கறுப்பு சைக்கிள், கியர் கிடையாது. கரும்பு வெட்டும் கத்தியைச் சாக்கில் சுற்றி, பழைய டியூப் ரப்பரால் நடுக்கம்பியில் இறுக்கிக் கட்டியிருப்பார். மிதித்தால்தான் டைனமோ விளக்கு எரியும். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினால் விளக்கும் அணைந்துவிடும். மழை பெய்த நாளில் செம்மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். குச்சியால் தோண்டித் தோண்டி எடுப்பார். தாமதமாகப் போனால் சிர்தார் (தோட்டத்து மேஸ்திரி) அரைநாள் கூலியை வெட்டிவிடுவார். அப்பாவுக்கு யாரும் பதக்கம் மாட்டவில்லை, எண் கொடுக்கவில்லை, வழியில் வாழைப்பழம் நீட்டவும் இல்லை. அம்மா மாட்டுக்குக் கரும்புத் தோகை சுமந்து வந்ததும் அதே வழிதான். ஆற்றங்கரையில் கிரேசோன் கீரை பறித்ததும், சேம்பு பிடுங்கியதும், துணி துவைத்ததும் அங்கேதான். அப்போது கதவு இல்லை. நாங்கள் வேலைக்குத் தேவைப்பட்ட காலத்தில் கதவு தேவைப்படவில்லை போலிருக்கிறது.

காணொளிக்குக் கீழே வந்த கருத்துகளுக்கும் இனி வரப்போகிறவற்றுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"தனியார் நிலம், அவர்கள் விருப்பம்." தெரியும். நான் பத்திரம் கேட்கவில்லை. ஆனால் ஆறும் தனியாருடையதா? 1983-ஆம் ஆண்டுக் காடுகள் சட்டம் ஆற்றின் விளிம்பிலிருந்து 16 மீட்டரையும், ஓடையென்றால் 8 மீட்டரையும் ஒதுக்கு நிலமாக வைத்திருக்கிறது. அது மரம் வெட்டாமல் தடுப்பதற்கான சட்டம், சைக்கிள் ஓட்ட உரிமை தரவில்லை என்பார்கள். சரி, தரவில்லை. அந்தக் கரை ஊருக்கும் நாட்டுக்கும் வேண்டியது என்று யாரோ ஒருவர் எண்ணியதால்தானே அந்தச் சட்டம் வந்தது? கடற்கரையில் ஹோட்டல்காரர் நாற்காலி போட்டுக்கொள்ளட்டும். மணலில் நடக்காதே என்று நம்மிடம் சொல்ல முடிகிறதா? ஸ்காட்லாந்தில் 2003-இல் சட்டமே போட்டு, தனியார் நிலத்தின் ஊடாகவும் பொறுப்போடு நடக்கலாம், சைக்கிளில் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். "ஐரோப்பாவில் இப்படித்தான் போட்டி நடத்துகிறார்கள்" என்று விளக்கம் எழுதிய நண்பர் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டவில்லை.

"தீப்பிடித்தால்?" இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கரும்பில் தீ விழுந்தால் உடனே வெட்டி ஆலைக்கு அனுப்ப வேண்டும், நாள் போகப் போகச் சர்க்கரை குறைந்துவிடும் என்பது கரும்புக்காரர் வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? என் மாமாவின் துண்டு நிலமே ஒருமுறை எரிந்தது. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏற்றம் மிதிக்கிற பன்னிரண்டு வயதுப் பையனா தீ வைக்கிறான்?

"அறுவடைக் காலத்தில் லாரி வரும், ஆபத்து." ஜூனிலிருந்து டிசம்பர் வரை லாரி வருவது உண்மை. போட்டி நடந்ததும் அறுவடைக் காலத்தில்தானே? அன்று லாரிகளை நிறுத்தி வைக்க முடிந்தது. பணம் கட்டியவரின் எலும்பு விலை உயர்ந்தது போலும்.

"குப்பை போடுவார்கள்." இதற்குச் சிரிப்புதான் வருகிறது. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் போய், போட்டிக்காரர்கள் வழியில் உறிஞ்சிவிட்டு எறிந்து, கரையோரம் கிடந்த சத்துக்கூழ் பாக்கெட்டுகளைப் பொறுக்கியது விரட்டப்பட்ட அதே பிள்ளைகள்தான். மாரியம்மன் கல்லுக்குப் பக்கத்திலும் கிடந்தன. படம் எடுத்து வைத்திருக்கிறேன், போடவில்லை. போட வைக்காதீர்கள்.

காப்புறுதி, பொறுப்பு என்று எழுதியிருந்தவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் மாவட்டத்துக்கு மாவட்டம் புகைபோக்கி தெரியும். இன்று தீவில் சர்க்கரை ஆலைகள் மூன்றே மூன்று. வெட்டுகிறவர் இல்லை, விலையும் இல்லை. கரும்புக்கு மதிப்புக் குறையக் குறைய, அதே நிலத்துக்கு வில்லாவாகவும் கோல்ஃப் மைதானமாகவும் மதிப்பு ஏறியது. இப்போது பாதைக்கும் விலை வந்துவிட்டது. விலை வந்த பொருளைப் பூட்டி வைப்பார்கள். நாங்கள் சும்மா போய்க்கொண்டிருந்தால் அதை எப்படி விற்பது?

2025-இல் நம் நாட்டு சைக்கிள் வீராங்கனை கிம்பர்லி லெ கூர் பெல்ஜியத்தில் லியேஜ்–பாஸ்தோஞ்–லியேஜ் மகளிர் பந்தயத்தை வென்றபோது இந்தப் பக்கம் முழுவதும் நம் நான்கு வண்ணக் கொடியாக இருந்தது. அதே ஆண்டு மகளிர் பிரான்ஸ் சுற்றில் அவர் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டை அணிந்தபோது அழுததாகக்கூட ஒருவர் எழுதினார். அதே நபர்தான் இப்போது, "பிள்ளைகள் ஏன் அங்கே போனார்கள், வீட்டில் பெரியவர்கள் இல்லையா" என்று கேட்கிறார். வேறு எங்கே போவார்கள், ஐயா? பெரிய சாலையில் ஓரம் என்று ஒன்று இருக்கிறதா? பஸ் உரசிக்கொண்டு போகும்போது ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் ஹாரன். என் வகுப்பில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். ஓட்ட இடம் இல்லாமல் ஓட்டக் கற்றுக்கொள்ள அவர்கள் என்ன தேவதைகளா?

"டீச்சருக்குப் பொறாமை, கட்டணம் கட்ட முடியாத கோபம்" என்று ஒரு கருத்து. இருபத்தேழு பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறீர்கள். அதில் என்னிடம் படித்தவர்களும் உண்டு, பெயரைப் பார்த்தேன். கட்ட முடியும், தம்பி. கட்டவில்லை. என் அப்பா தேய்த்த பாதைக்கு நான் எதற்காகக் கட்டணம் கட்ட வேண்டும்? நேற்று இரவு ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து ஒருவர், மரியாதையாகத்தான், செய்தி அனுப்பினார்: அடுத்த ஆண்டு எனக்கு ஓர் எண் இலவசமாகத் தருகிறார்களாம், இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிட வேண்டுமாம். என் தம்பி மகனிடம் காட்டினேன். "எனக்கு இல்லையா, அத்தை?" என்றுதான் கேட்டான்.

அந்தக் கதவு எங்களுக்காகத் திறந்த நாளே இல்லை என்று சொல்ல மாட்டேன். தைப்பூசத்தன்று திறக்கும். காவடி ஆற்றங்கரையிலிருந்துதானே புறப்பட வேண்டும்? அதற்குக் கோயில் கமிட்டி முன்கூட்டியே கடிதம் எழுதி, தேதி, நேரம், எத்தனை காவடி என்றெல்லாம் குறிப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, சாவி வாங்கி, மாலையே திருப்பிக் கொடுக்க வேண்டும். அரசாங்கம் விடுமுறை விடுகிற திருநாள், முருகன் மட்டும் விண்ணப்பம் போட்டுத்தான் வெளியே வருகிறார். இதைப் பற்றி இத்தனை காலம் யாரும் வாய் திறக்கவில்லை, நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, "தைப்பூசத்தன்று" என்ற இடத்தில் "ஒவ்வொரு ஞாயிறும், காலை முதல் நண்பகல் வரை" என்று மாற்றியிருக்கிறேன். காவடிகளின் எண்ணிக்கைக்கான கட்டத்தில் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். சனிக்கிழமை மாலை கிராமசபைக் கூடத்தில் கையெழுத்து வாங்குவேன். பெற்றோர் வாருங்கள். கமிட்டிப் பெரியவர்களும் வரலாம், நாற்காலி போட்டு வைக்கிறேன். விருப்பக் குறி போட்டுவிட்டு நகர்கிறவர்கள் தயவுசெய்து அதையும் போடாதீர்கள்.