ரூட் கெனாலில் நீளம் அளக்கும் மெஷின் புதுசு ஒன்றும் இல்லை

சிங்கப்பூர் தேக்காவில் பார்த்தாலும் சரி, காஸ்வே தாண்டி ஜொகூரில் பார்த்தாலும் சரி, ரூட் கெனால் என்கிற பல் வேர் சிகிச்சை என்றால் நம் ஆட்கள் கேட்பது இரண்டே கேள்வி. செலவு எத்தனை வெள்ளி? பல்லின் மேல் போடும் கேப் செராமிக்கா, சிர்கோனியாவா? வேரின் நீளத்தை எப்படி அளப்பீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. வைத்தியம் நிலைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சுத்தம் செய்வது வேர் நுனிக்கு முன்பே நின்றுவிட்டால் உள்ளே கிருமி தங்கும். நுனியைத் தாண்டிக் குத்தினால் எலும்புப் பக்கம் புண்ணாகி, கடித்தாலே வலிக்கும்.

என் சித்திக்கு ஒரு கிளினிக்கில் கொடுத்த கட்டண விவரத்தில் 'அதிநவீன டிஜிட்டல் அளவீடு' என்று தனியாக ஒரு வரி இருந்தது. எனக்குக் கடுப்பாகிவிட்டது. வேர் நுனி எங்கே என்று காட்டும் ஏபெக்ஸ் லொகேட்டர் என்ற இந்த மெஷினில் அதிநவீனம் எங்கே இருக்கிறது? மின்சாரத்தை வைத்து நீளம் பார்க்கலாம் என்று கஸ்டர் என்பவர் 1918-லேயே எழுதிவிட்டார். வாயின் சதைக்கும் வேர் நுனியைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய மாறாமல் இருப்பதை 1942-ல் ஜப்பானில் சுசுகி கண்டார். 1962-ல் சுனடா அதை 6.5 கிலோ ஓம் என்று கணக்கிட்டு, நோயாளிகளுக்கே பயன்படுத்திக் காட்டினார். பழைய மெஷின்கள் வேருக்குள் ஓடும் கால்வாயில் ரத்தமோ மருந்துத் தண்ணீரோ இருந்தால் தடுமாறும். ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளில் மின்சாரம் அனுப்பி, இரண்டிலும் கிடைக்கும் மின்தடைகளின் விகிதத்தைப் பார்க்கும் ரூட் இசட்எக்ஸ் என்ற மெஷின் 1990களில் வந்தபின் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருப்பதைப் புதுசு என்று விற்கிறார்கள்!

வேலை செய்யும் விதம் எளிது. உதட்டோரத்தில் ஒரு கொக்கி, ஃபைல் என்கிற மெல்லிய ஊசியில் ஒரு கிளிப். ஃபைல் கீழே இறங்க இறங்க 'பீப்' சத்தம் நெருங்கி, நுனியைத் தொட்டதும் விடாமல் ஒலிக்கும். உடனே டாக்டர் ஃபைலில் உள்ள சின்ன ரப்பர் வளையத்தைப் பல்லின் மேல் விளிம்புக்கு நகர்த்தி, வெளியே எடுத்து ஸ்கேலில் வைத்துப் பார்ப்பார். அரை மில்லிமீட்டர் கழிப்பது வழக்கம்.

அப்படியானால் எக்ஸ்ரே வேண்டாமா? அதுவும் தப்பு. எக்ஸ்ரே தட்டையான நிழல்தான். கால்வாயின் வாசல் வேரின் பக்கவாட்டில் திறந்தால் அதில் தெரியாது. மேல் கடைவாய்ப் பல்லில் கன்ன எலும்பின் நிழல் நுனியையே மறைத்துவிடும். ஆனால் வேர் எத்தனை, எப்படி வளைகிறது என்பதை மெஷின் சொல்லாது. ஃபைல் பழைய வெள்ளி அடைப்பிலோ உலோகக் கேப்பிலோ உரசினால் அது பொய்யும் சொல்லும். இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவரைத்தான் நான் நம்புவேன்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: "டாக்டர், லொகேட்டர் வைத்து அளந்து எக்ஸ்ரேயிலும் சரி பார்ப்பீர்களா?" அதற்கெனத் தனிக் கட்டணம் போட்டால் ஏன் என்றும் கேளுங்கள். அப்புறம், இது மின்சாரம் அனுப்பும் மெஷின் என்பதால், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.